எரிமலைத் தடத்தில் இருவரும் ஒரு நாயும்

அமெரிக்காவின் ஐடஹோ மாநில வரைபடத்தை விரித்துப் பார்த்தால், தெற்குப் பகுதியில் மலையே இல்லாத ஒரு நிலப்பட்டை பிறை வடிவில் வளைந்து கிடப்பது தெரியும். வடக்கிலும் தெற்கிலும் வரிசை வரிசையாக வரும் மலைத்தொடர்கள் இந்தப் பட்டையின் விளிம்பை எட்டியதும் சட்டென்று நின்றுவிடுகின்றன. நடுவில் இருந்த மலைகள் வெடித்துச் சிதறியும் பூமிக்குள் அமிழ்ந்தும் போயின. அந்தக் குழிகளின் மேல் பின்னால் வந்த எரிமலைக் குழம்பு பரவி மூடிக்கொண்டது. இதற்கு ஸ்னேக் ஆற்றுச் சமவெளி என்று பெயர். மாநிலத் தலைநகர் பாய்சியிலிருந்து யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா வரை இந்தச் சமவெளியின் மேலேயே கார் ஓட்டிக்கொண்டு போகலாம். கூரையில் கூடாரம், டிக்கியில் தண்ணீர்க் கேன்கள், பின்னிருக்கையில் வாலாட்டும் ஒரு நாய் என்று கோடையில் இந்தச் சாலைகளில் போகிற தம்பதிகள் ஏராளம்.

இந்தப் பயணத்துக்கு ஒரு திசை இருக்கிறது. பூமியின் ஆழத்திலிருந்து வெப்பம் மேலெழும் ஓரிடம் ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. அதற்கு மேலே வட அமெரிக்கக் கண்டத்தட்டு ஆண்டுக்குச் சுமார் 2.5 சென்டிமீட்டர் வீதம் தென்மேற்காக நகர்கிறது. அதனால் அந்த வெப்பம் முட்டித் திறந்த வாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வடகிழக்கு நோக்கி அமைந்துவிட்டன. நெவாடா, ஓரிகன் எல்லைப் பகுதியில் சுமார் 1.65 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய வரிசை இன்று யெல்லோஸ்டோனில் வந்து நிற்கிறது. நம் தக்காணப் பீடபூமியின் கரும்பாறை அடுக்குகளும் இத்தகைய ஒரு வெப்பமையத்தின் வேலை என்றே பெரும்பாலான புவியியலாளர்கள் கருதுகிறார்கள். அந்த மையம் இப்போது இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவுக்கு அடியில் இருக்கிறது. ஐடஹோவில் கிழக்கே போகப் போக, வயது குறைந்துகொண்டே வரும் எரிமலைகளின் மேல் சக்கரம் உருள்கிறது.

முதல் நாள் வழியில் அப்படி எதுவும் கண்ணில் படாது. பாய்சிக்குத் தென்கிழக்கே புரூனோ பகுதியில் முட்புதரும் மணலும்தான். ஆனால் சுமார் 1.2 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்து எழுந்த சாம்பல் 1,600 கிலோமீட்டர் கிழக்கே நெப்ராஸ்காவில் போய் விழுந்தது. அங்கே ஒரு நீர்க்குட்டையைச் சுற்றி மேய்ந்துகொண்டிருந்த காண்டாமிருகங்கள் அந்தச் சாம்பலைச் சுவாசித்தே மடிந்தன. அவற்றின் முழு எலும்புக்கூடுகள் விழுந்த இடத்திலேயே கிடக்க, அதன்மேல் கூரை போட்டுக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய வெடிப்பின் வாய் இன்று வெறும் புதர்க்காடு. நாய்க்கு ஓடியாட நல்ல இடம்.

ஹேகர்மன் பள்ளத்தாக்கில் இன்னொரு அதிசயம். ஸ்னேக் ஆற்றின் கரைப் பாறைச் சுவர்களின் நடுவிலிருந்து வெள்ளமாகத் தண்ணீர் கொட்டுகிறது. ஆயிரம் ஊற்றுகள் என்றே அந்த இடத்துக்குப் பெயர். இந்த நீரில் ஒரு பகுதி சுமார் 160 கிலோமீட்டர் வடகிழக்கே மலையிலிருந்து இறங்கி வரும் பிக் லாஸ்ட் ஆற்றினுடையது. அந்த ஆறு சமவெளியை அடைந்ததும் துளைகளும் வெடிப்புகளும் நிறைந்த கரும்பாறைக்குள் இறங்கி மறைந்துவிடுகிறது. மேற்கொண்டு எந்த ஆற்றோடும் அது கலப்பதில்லை. நிலத்தடியில் மெல்ல மெல்ல ஊர்ந்து, நூறாண்டுக்கும் மேல் கழித்து இங்கே வெளிவருகிறது என்பது கணிப்பு. குளிர்ந்த, கலங்காத நீர். அமெரிக்காவில் பண்ணைகளில் வளரும் டிரவுட் மீனில் பெரும்பங்கு இந்தப் பள்ளத்தாக்கிலிருந்துதான் சந்தைக்குப் போகிறது.

கேரி என்ற சிற்றூரைத் தாண்டியதும் நிலத்தின் நிறம் மாறுகிறது. பச்சையும் சாம்பலுமாக வந்த புதர்வெளி ஒரு திருப்பத்தில் முடிந்து, அடிவானம்வரை கறுப்பு. கிரேட்டர்ஸ் ஆஃப் தி மூன், அதாவது நிலவின் எரிமலைவாய்கள் என்று பெயர் பெற்ற தேசிய நினைவுச்சின்னம் இங்கே தொடங்குகிறது. சுமார் 3,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. எரிமலை என்றதும் மனத்தில் எழும் கூம்பு மலையை இங்கே தேட வேண்டாம். பூமி 85 கிலோமீட்டர் நீளத்துக்கு வெடித்துத் திறந்த விரிசல்களின் தொகுதி இது. சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி எட்டுத் தடவை இந்த விரிசல்கள் குழம்பைக் கக்கியிருக்கின்றன. கடைசித் தடவை நடந்து ஏறக்குறைய 2,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. சங்கப் புலவர்கள் காலத்தை ஒட்டிய நெருப்பு என்று எண்ணிப் பார்த்தால், இந்தப் பாறை எவ்வளவு புதிது என்பது புரியும்.

குழம்பு இரண்டு விதமாக உறைந்திருக்கிறது. ஒன்று பாஹோயிஹோயி. மேற்பரப்பு முதலில் ஆறி, அடியில் ஓட்டம் தொடர்ந்ததால், காய்ச்சிய பாலின் மேல் படியும் ஆடை சுருங்குவதுபோல மடிப்பு மடிப்பாக நிற்கும். இதன் மேல் நடக்கலாம். மற்றொன்று ஆஆ. கெட்டியாகி, உடைந்து, உருண்டு வந்த கரடுமுரடான குழம்பு. ஒவ்வொரு துண்டும் உடைந்த கண்ணாடிபோல முனை கொண்டது. கனத்த பூட்ஸின் அடித்தோலையே கிழித்துவிடும். இரண்டு பெயர்களும் ஹவாய்த் தீவுகளின் மொழியிலிருந்து உலகம் முழுதும் போனவை.

இந்தப் பாறையில் ஒரு நாய் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு நூறாண்டுக்கு முந்தைய சான்று இருக்கிறது. ராபர்ட் லிம்பர்ட் பாய்சியில் இறந்த விலங்குகளின் தோலைப் பாடம் செய்து வைக்கும் தொழில் பார்த்தவர். நல்ல புகைப்படக்காரர், காடு மலை என்று சுற்றுவதே அவருக்கு உயிர். 1920இல் கோல் என்ற நண்பரோடும் ஓர் ஏர்டேல் டெரியர் நாயோடும் தெற்கே மினிடோகாவிலிருந்து வடக்கு நோக்கி இந்தக் கறுப்பு வெளியை நடந்தே கடக்கக் கிளம்பினார். ஆளுக்கு ஏறத்தாழ 25 கிலோ சுமை. 17 நாள், சுமார் 130 கிலோமீட்டர். அவர்கள் போன பகுதிக்கு அப்போது சரியான வரைபடம்கூட இல்லை.

மூன்றே நாளில் நாயின் பாதங்கள் தேய்ந்து ரத்தம் கசியத் தொடங்கின. சில இடங்களில் அதைத் தூக்கிச் சுமந்தார்கள். சில இடங்களில் அது ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்து வந்து சேரும்வரை உட்கார்ந்து காத்திருந்தார்கள். நாயைக் கூட்டிவந்தது தவறு என்று லிம்பர்ட் பின்னால் வெளிப்படையாகவே எழுதினார். தண்ணீருக்கும் பெரும்பாடு. மழையும் பனியும் விழுந்த வேகத்தில் பாறைக்குள் போய்விடும் நிலத்தில் ஓடையோ குளமோ கிடையாது. புறாக்கள் பறந்து இறங்கும் திசையைக் கவனித்து, அந்தத் தடத்தில் போய், பள்ளங்களில் பனிக்கட்டி உருகித் தேங்கிய நீரைக் கண்டுபிடித்துக் குடித்தார்கள்.

அந்த நடையின் படங்களோடு லிம்பர்ட் எழுதிய கட்டுரை 1924 மார்ச்சில் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழில் வந்தது. ஹரால்ட் ஸ்டெர்ன்ஸ் என்ற புவியியலாளரும் இந்த இடத்தைப் பாதுகாக்க வேண்டும் என்று பரிந்துரை செய்திருந்தார். அதே ஆண்டு மே 2ஆம் தேதி அதிபர் கால்வின் கூலிட்ஜ் இதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். அந்த நாயின் புண்பட்ட பாதங்களும் இந்த இடத்தின் வரலாற்றில் சேர்த்தி.

இன்றைய விதி அந்த அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. நாய் முகாம்திடலில் இருக்கலாம். வண்டி நிறுத்துமிடத்திலும் தார்ச்சாலையிலும் நடக்கலாம். கயிறு ஆறடிக்கு மேல் நீளக்கூடாது. நடைபாதைகளிலும் குகைகளிலும் அதற்கு இடமில்லை. நாயோடு வரும் சிலருக்கு இது கசப்பாக இருக்கிறது. கோடை நண்பகலில் இங்கே ஒரு நிமிடம் குனிந்து பாறையைத் தொட்டுப் பார்த்தால் அந்தக் கசப்பு மாறும். காற்று முப்பது டிகிரியில் இருக்கும்போதே கறுப்புத் தரையின் வெப்பம் 75 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். மனிதருக்குத் தடித்த செருப்பு உண்டு, நாய்க்குத் தோல்தான். உடல் சூட்டைத் தணிக்க மனிதருக்கு மேனியெங்கும் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும் சிறிது வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதுதான் வழி. தார்ச்சாலையும் சுடும். புறங்கையைச் சாலையில் ஏழெட்டு விநாடி வைத்துப் பார்த்து, வைக்க முடியவில்லை என்றால் நாயை இறக்கக் கூடாது.

அப்படியானால் நாயைக் காரிலேயே விட்டுவிட்டுப் போகலாமா? கூடவே கூடாது. வெளியே 21 டிகிரி என்ற இதமான வெயிலிலேயே, மூடிய காருக்குள் அரைமணி நேரத்தில் வெப்பம் 40 டிகிரிக்கு ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் வருவதில்லை. மரநிழலே அபூர்வமான இந்த வெளியில் அது உயிருக்கு ஆபத்து.

இதனால்தான் இங்கே நாயோடு வருவதற்குத் தம்பதி என்ற கணக்கு மிகவும் பொருந்துகிறது. ஒருவர் நாயோடு இருக்க மற்றவர் போய்வருவார்; பிறகு ஆள் மாறும். சுமார் 11 கிலோமீட்டர் வட்டச்சாலை நினைவுச்சின்னத்தின் முக்கியமான இடங்களையெல்லாம் தொட்டுச் செல்கிறது. மூவருமாகக் காரில் அமர்ந்தே பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம். இன்ஃபெர்னோ கூம்பு என்ற சாம்பல்மேட்டின் உச்சிக்கு ஏறுவது, குகைக்குள் இறங்குவது போன்றவற்றை மட்டும் முறைவைத்துச் செய்கிறார்கள். முதலில் போனவர் திரும்பி வந்து என்ன கண்டார் என்று சொல்ல, இரண்டாமவர் அதைத் தேடிப் பார்த்துவிட்டு முதலாமவர் தவறவிட்ட ஒன்றைச் சொல்ல, ஒரே இடத்தை இரண்டு ஜோடிக் கண்கள் தனித்தனியாகப் பார்த்துவிடுகின்றன. சேர்ந்து நடந்திருந்தால் பேச்சிலேயே கடந்துபோயிருக்கக்கூடிய பல விஷயங்கள் இப்படிக் கண்ணில் படும்.

உதாரணத்துக்கு, குட்டைப் பக்வீட் என்று அங்குள்ளவர்கள் அழைக்கும் செடி. கறுப்புச் சரளைமேல் வெள்ளைப் புள்ளிகளாக, யாரோ அளந்து நட்டதுபோலச் சம இடைவெளியில் நிற்கிறது. உயரம் ஒரு சாண்கூட இல்லை. வேரோ நாலாபக்கமும் பரவிக் கிடக்கிறது. கிடைக்கும் கொஞ்ச ஈரத்துக்கு ஒன்றோடொன்று போட்டி என்பதால்தான் அந்த இடைவெளி. இந்தச் சரளையில் ஒரு கால்தடம் விழுந்தால் ஆண்டுக்கணக்கில் அழியாது. கட்டவிழ்ந்த நாய் ஒன்று கால்மணி நேரம் குதித்தோடினாலே எத்தனை செடி போகும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

இந்தியன் டனல் என்ற குகை இங்குள்ளவற்றில் பெரியது. ஓடிய குழம்பின் மேற்புறம் உறைந்து கூரையாகி, உள்ளே இருந்த நெருப்பாறு வடிந்து போனதால் உண்டான குழாய் இது. சுமார் 9 மீட்டர் உயரம், 15 மீட்டர் அகலம், 240 மீட்டர் நீளம். கூரையில் அங்கங்கே இடிந்த ஓட்டைகள் வழியே வெளிச்சம் விழுகிறது. குகைக்குப் போவதற்குப் பார்வையாளர் மையத்தில் இலவச அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். வேறு குகைக்குப் போட்டுப் போன செருப்பையோ துணியையோ இங்கே அணிந்து வரவில்லையே என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வார்கள். வெண்மூக்கு நோய் எனப்படும் பூஞ்சைத் தொற்று அமெரிக்காவில் லட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்றிருக்கிறது. மனிதரின் உடுப்பில் ஒட்டிக்கொண்டும் அது குகை விட்டுக் குகை பரவும்.

நிலவின் பெயர் கொண்ட இந்த இடத்துக்கும் நிலவுப் பயணத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1969 ஆகஸ்டில், நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால்வைத்த அடுத்த மாதம், ஆலன் ஷெப்பர்டு, எட்கர் மிட்செல், யூஜின் செர்னன், ஜோ எங்கிள் ஆகிய நான்கு விண்வெளி வீரர்கள் எரிமலைப் பாறைகளை அடையாளம் காணப் படிப்பதற்காக இங்கே வந்தார்கள். முதல் மூவரும் பின்னர் நிலவில் நடந்தார்கள். எங்கிளுக்கு வரவேண்டிய இடம் அப்போலோ 17இல் புவியியலாளர் ஒருவருக்குப் போனது.

முகாம்திடல் குழம்பு உறைந்த பாறைகளுக்கு நடுவிலேயே அமைந்திருக்கிறது. சரளையில் கூடார முளை பிடிக்காது. பிற்பகலில் காற்று வலுக்கும்போதுதான் அது தெரியவரும். ஆகவே தானாக நிற்கும் கூடாரமும், உள்ளே நாலு மூலையிலும் கனமான பைகளும் வேண்டும். விறகு எரிக்க அனுமதி இல்லை; கரியடுப்பு மூட்டலாம். தண்ணீரை நாய்க்கும் சேர்த்துத் தாராளமாகக் கொண்டுபோவது நல்லது. இரவில் குளிர் இறங்கிவிடும் என்பதால் நாய்க்கும் ஒரு கம்பளி தேவை. மங்கல் விளக்குகூட இல்லாத வானம் என்பதற்காக 2017இல் இதற்குச் சர்வதேச இருள்வானப் பூங்கா என்ற தகுதி கிடைத்தது. பால்வீதி அடிவானத்திலிருந்து அடிவானம்வரை கிடக்கும்.

நாயைக் கொஞ்சம் தாராளமாக நடக்கவிட வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. இந்த நினைவுச்சின்னத்தைப் பூங்காத் துறையோடு மத்திய அரசின் நில மேலாண்மைத் துறையும் சேர்ந்து நிர்வகிக்கிறது. அந்தத் துறையின் பொறுப்பில் உள்ள புதர்வெளிகளில் விதி இளக்கமானது. ஆனால் அங்கே ஆட்டு மந்தைகள் மேயும்; மந்தையோடு பெரிய வெள்ளைக் காவல் நாய்கள் இருக்கும். ஓநாய்க்கும் கொயோட் எனும் சிறு ஓநாய்க்கும் எதிராகப் பழக்கப்பட்ட அவை, புதிய நாயைக் கண்டால் யோசிக்காமல் பாயும். மந்தை தென்பட்டவுடன் கயிற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு விலகிப்போவதுதான் சரி. விரியன் இனத்துக் கிலுகிலுப்பைப் பாம்புகளும் உண்டு.

இந்த நிலத்தின் பழங்குடிகளான ஷோஷோனி மக்களிடம் ஒரு கதை இருக்கிறது. மாபெரும் பாம்பு ஒன்று இங்கே படுத்திருந்ததாம். இடிமின்னல் அதன் உறக்கத்தைக் கலைக்க, கோபத்தில் ஒரு மலையைச் சுற்றி இறுக்கியதாம். பாறை நொறுங்கி உருகி நெருப்பாக வழிந்ததாம். 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய கடைசி வெடிப்பை அவர்களின் முன்னோர் நேரில் கண்டிருக்கலாம். விரிசல்கள் சராசரியாக 2,000 ஆண்டுக்கு ஒருமுறை திறந்திருக்கின்றன என்பதால், இவை உறங்குகின்றனவே தவிர அணைந்துவிடவில்லை என்பதே புவியியலாளர்களின் முடிவு.

இங்கிருந்து அரைமணி நேரத்தில் ஆர்கோ. 1955 ஜூலை 17 அன்று அணுமின்சாரத்தால் மட்டுமே விளக்கெரிந்த முதல் ஊர் என்ற பெயர் இதற்கு உண்டு. இங்கே பெட்ரோலும் பனிக்கட்டியும் நிரப்பிக்கொண்டு வடக்கே மெக்கேயைத் தாண்டிப் போனால், 1983 அக்டோபர் 28 காலை ஏற்பட்ட 6.9 அளவு நிலநடுக்கத்தின் வடுவைப் பார்க்கலாம். போரா சிகரத்தின் அடிவாரத்தில் 30 கிலோமீட்டருக்கும் மேலாக நிலம் கிழிந்து, சில இடங்களில் ஆளுயரத்துக்கு மேல் படியாக இறங்கி நிற்கிறது. இந்தப் பகுதி முழுவதும் பூமியின் மேலோடு இழுபட்டு மெலிகிறது. மலையடிவாரத்தில் அது நிலநடுக்கமாகிறது. சமவெளியில் விரிசலாகி, குழம்புக்கு வழிவிடுகிறது.

மீண்டும் கிழக்கே பயணத்தைத் தொடர்ந்தால், ஐடஹோ ஃபால்ஸ் நகரிலிருந்து வடகிழக்கே ஏறும் சாலை உருளைக்கிழங்கு வயல்களைக் கடந்து பைன் காட்டுக்குள் நுழைகிறது. யெல்லோஸ்டோனில் விதி இன்னும் கடுமை. சாலையிலிருந்தும் வண்டி நிறுத்துமிடத்திலிருந்தும் முகாம்திடலிலிருந்தும் நூறடிக்குள் மட்டுமே நாய் நடக்கலாம். வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிய மரப்பாதைகளில் அதற்கு அறவே தடை. ஏன் என்பதை 1981 ஜூலையில் நடந்தது காட்டுகிறது. வண்டியிலிருந்து தப்பிய ஒரு நாய், செலஸ்டின் என்ற ஊற்றுக்குள் பாய்ந்துவிட்டது. தெளிந்த நீலத் தண்ணீர். பார்த்தால் குளம் என்றே தோன்றும். வெப்பமோ 94 டிகிரி. நாய்க்காரரின் நண்பர், 24 வயது இளைஞர், பக்கத்தில் இருந்தவர்கள் கத்தியதையும் மீறி அதைக் காப்பாற்றத் தலைகீழாகக் குதித்தார். நாய் அங்கேயே இறந்தது. அவர் மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். நாயின் மேல் பாசம் உள்ள எவரும் அந்த நொடியில் அப்படிச் செய்திருக்கக்கூடும். நாயை ஊற்றின் பக்கமே விடாத விதி அந்த நொடி வராமல் தடுக்கிறது.

இது கரடி நடமாடும் காடு என்பதால் நாய்த்தீனியையும் தட்டையும் இரவில் வெளியே வைக்கக் கூடாது. ஓல்டு ஃபெயித்புல் ஊற்று பீறிடுவதை முறைவைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை அளவில் அது எழும்புவதால், அடுத்தவர் அதிகம் காத்திருக்க நேராது.

திரும்பும் வழியில் ஆஷ்டனுக்குப் போகும் நெடுஞ்சாலையை விட்டு மேசா அருவிச் சாலையில் இறங்கிவிடலாம். அங்கே 35 மீட்டர் உயரத்திலிருந்து ஹென்றிஸ் ஃபோர்க் ஆறு முழு அகலத்துக்கும் விழுகிறது. அது விழும் பாறை, 13 லட்சம் ஆண்டுகளுக்கு முன் யெல்லோஸ்டோன் வெப்பமையத்தின் இரண்டாவது பெருவெடிப்பில் கொட்டிய சாம்பல் தன் சூட்டிலேயே உருகி இறுகியது. வனத்துறையின் இடம் என்பதால் கயிறு கட்டிய நாய்க்கும் அனுமதி உண்டு. பாதை மரப்பலகை, தரை குளிர்ச்சி, அருவியின் சாரலும் முகத்தில் படும். இங்கே யாரும் யாருக்காகவும் காரருகே காத்திருக்க வேண்டியதில்லை. மூவருமே விளிம்புவரை போகலாம்.